பதினோரு பலகைகள்

கண்ணு,

நாம் மேசையில் கட்டிய மரக் கப்பலை அனுப்பச் சொல்லி உன் அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். என்னிடம் கேட்கவில்லை. நீ டெக்சாஸில் ரவுண்ட் ராக்குக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது. அதற்குள் எத்தனையோ முறை வீட்டுக்குப் பேசிவிட்டாய், எல்லாம் அவருடைய போனில்தான். அவர் ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைப்பார். "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று நீ கேட்பாய். "இருக்கா, பேசறியா?" என்பார் அவர். "நோ, நோ, சும்மா கேட்டேன்" என்பாய். நான் ஏதோ பாத்திரம் கழுவுகிறவளைப் போலக் குழாயைத் திறந்துவிடுவேன். போன வாரமும் அப்படித் திறந்துவிட்ட தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில்தான் "அந்த ஷிப்பை மட்டும் அனுப்ப முடியுமாப்பா?" என்று நீ கேட்டது காதில் விழுந்தது. இந்த வீட்டிலிருந்து நீ கேட்ட ஒரே பொருள் அதுதான். அதை அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக எனக்குள் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலம் என்றால் ஏதாவது மீட்டிங்குக்கு நடுவில் கண்ணை ஓட்டிவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டுவிடுவாய். தமிழில் உன்னால் அப்படி ஓட முடியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எட்டு வருடம் படித்த பிறகும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். பரவாயில்லை, மெதுவாக வாசி. புரியாத சொல் வந்தால் தாண்டிப் போ. போனைக் காட்டி மொழிபெயர்க்காதே. அப்பாவை வாசித்துக் காட்டச் சொல்லாதே. நமக்கு நடுவில் அவர் நின்றது போதும்.

டிசம்பரில் கல்லூரியை முடித்துவிட்டு ஜனவரியில் சன்னிவேல் வீட்டுக்குத் திரும்பி வந்தாயே, அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். கராஜ் மேல் தட்டில் ஏழு வருடமாகக் கிடந்த கப்பலை நீயாகவே இறக்கிக்கொண்டு வந்தாய். நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பக்கத்துத் தெருவில் யாரோ வீட்டைக் காலி செய்து சாமான் விற்றார்கள். அங்கே பிரிக்காத பெட்டியாக வாங்கியது. பெட்டி மேல் இரட்டைப் பாய்மரக் கப்பலின் படம் பிரமாதமாக இருந்தது. திறந்தால் முதுகெலும்பு மாதிரி ஓர் அடிக்கட்டை, விலா எலும்பு மாதிரி சட்டங்கள், கட்டுக் கட்டாக ஸ்கேல் அகலம்கூட இல்லாத மெல்லிய பலகைகள், ஒரு பொட்டலம் பித்தளை ஆணி. சட்டங்களின் மேல் வெளிர் மரப் பலகைகளால் ஓர் அடுக்கு ஒட்ட வேண்டும். அதைத் தேய்த்து வழவழப்பாக்கி, அதன் மேல் வால்நட் மரத்தில் இரண்டாவது அடுக்கு. கீழ் அடுக்கு பிறகு எப்போதும் வெளியே தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் கீழ் அடுக்கோடு நீ நிறுத்திவிட்டாய். பள்ளிப் பாடம் அதிகம், ஆர்வம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி முதல் ஜூலை வரை ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நாம் இருவரும் கப்பலோடு மேசையில்தான் இருந்தோம். குளியல் தொட்டியில் பலகைகளை ஊறவைத்தோம். என் தலைமுடி நேராக்கும் இடுக்கியால் அவற்றை வளைத்தோம். துணி காயப்போடும் கிளிப்பால் கவ்விப் பிடித்தோம். பெட்டியில் வந்ததை வந்தபடி ஒட்டுவதற்கு நம் இருவருக்குமே மனம் வரவில்லை. கொடுத்திருந்த நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது. நான் வேறு நூல் வாங்கி மெழுகுவர்த்தியில் இழுத்து முறுக்கினேன். மேல்தளத்துக்கு ஒரே தகடாகக் கோடு மட்டும் கிழித்துக் கொடுத்திருந்தார்கள். நீ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பலகையாக அறுத்து, ஓரங்களில் பென்சில் தீட்டி, தார் பூசிய இடுக்கு மாதிரி தெரியும்படி ஒட்டினாய். பாய்க்கு வந்த துணி நைலான் மாதிரி மினுங்கியது. உன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, டீத்தண்ணீரில் ஊறவைத்து, நான் பாய் தைத்தேன். மே மாதத்தில் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "என் வேட்டியைக் கட்டிக்கிட்டு இது டெக்சாஸ் வரைக்கும் போயிடும் போலிருக்கே" என்றார் அவர். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். மூன்று பேரில் அதிகச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான். இப்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தால் காரில் தனியாக இருக்கும்போதுகூட முகம் சுடுகிறது.

ஏனென்றால் அந்த மாதங்களில் நான் வேறொரு கணக்கில் இருந்தேன். நீ மில்பிடாஸில், என் ஆபீஸிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிற கம்பெனியில் செப்டம்பரில் சேரப் போகிறாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உன் ரெஸ்யூமை நான்தான் திருத்தினேன். என் பழைய மேனேஜர் வழியாக நான்தான் அங்கே அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உன்னிடம் சொன்னேன். நீ இன்டர்வியூவுக்குப் போனாய், ஆஃபரும் வந்தது. "ஓகே ம்மா" என்றாய். அந்த "ஓகே"யை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு கட்டினேன் தெரியுமா? காலையில் ஒரே காரில் போவோம், போகும்போது நீ ஓட்டு, வரும்போது நான் என்று திட்டம். ஏப்ரலில் உனக்கென்று மூன்று அடுக்கு லஞ்ச் பாக்ஸ் வாங்கி வந்தேன். மூடியைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, "நைஸ் ம்மா, சாம்பார் லீக் ஆகாதுல்ல?" என்று கேட்டாய். தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். நீயும் குனிந்து பார்த்தாய்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை எல் கமினோ சாலையில் தோசைக் கடை வாசலில் நம் பெயரைக் கூப்பிடுவதற்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து சுமதி, நீ ஆன்ட்டி ஆன்ட்டி என்று சுற்றி வருவாயே அதே சுமதிதான், என் தோளைத் தட்டினாள்.

"என்னக்கா, தம்பிக்கு ஃபேர்வெல் கிடையாதா? சத்தமில்லாம டெக்சாஸுக்கு ஏத்திவிட்டுறலாம்னு பாக்கறீங்களா?"

எனக்குப் புரியவில்லை. ஆனால் முகம் என்னைக் கேட்காமலே சிரித்தது.

"யாரு சொன்னா உனக்கு?"

"பேட்மின்டன்ல உங்க வீட்டுக்காரர் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்காரு. ரவுண்ட் ராக்ல அபார்ட்மென்ட்கூடப் பாத்தாச்சாமே? நீங்கதாங்க்கா தைரியசாலி. நானா இருந்தா அழுதே ஊரைக் கூட்டியிருப்பேன்."

"பார்ட்டி வைக்கலாம்னுதான் சொன்னேன் சுமதி. அவன்தான் வேணாம்ங்கறான்" என்றேன். அவ்வளவு சரளமாகப் பொய் வந்தது. அன்றைக்கு மசால் தோசையைப் பார்சல் வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பாமல் ரொம்ப நேரம் இருந்தேன். நீ போவது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. சுமதிக்குத் தெரிந்திருக்கிறது, அவள் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, அந்த பேட்மின்டன் கோர்ட்டில் வியர்வை துடைத்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. என் மகனைப் பற்றிய செய்தியை நான் ஒரு கடை வாசலில், ஏற்கெனவே தெரிந்தவளைப் போல நடித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். அதுதான் உள்ளே போய்க் குத்தியது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீயாகச் சொல்கிறாயா பார்ப்போம் என்று இருந்தேன். மறுநாள் ஞாயிறு, நீ பாய்மரத்துக்குக் கயிற்று ஏணி கட்டிக்கொண்டிருந்தாய். நான் எதிரில் உட்கார்ந்து நூலை மெழுகில் இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் இப்போது சொல்வான், இந்த முடிச்சு முடிந்ததும் சொல்வான் என்று காத்திருந்தேன். நீ ஒரு பக்கத்து ஏணி முழுவதையும் முடித்துவிட்டு, "லஞ்சுக்கு என்ன ம்மா?" என்று கேட்டாய். அதற்கடுத்த ஞாயிறுதான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "ம்மா, ஐ ஹாவ் டு டெல் யூ சம்திங்" என்றாய்.

"டெக்சாஸா?" என்றேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. சோபாவில் இருந்த உன் அப்பாவைத்தான் பார்த்தாய்.

"எப்ப முடிவு பண்ணின?"

"மார்ச்."

"லஞ்ச் பாக்ஸ் வாங்கினது ஏப்ரல்ல."

"ஐ நோ ம்மா."

"நல்லா இருக்குன்னு சொன்னியேடா."

"நல்லாதான் இருந்துச்சு."

உன் அப்பா எழுந்து வந்தார். "அவனைத் திட்டாத. நான்தான் உங்கிட்ட இப்ப சொல்ல வேண்டாம்னேன். சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? நீ அபார்ட்மென்ட் பாத்து, மேனேஜர் யாருன்னு பாத்து, எந்த டீம்ல சேரணும்னு லிஸ்ட் போட்டு, கடைசில அது அவன் வேலையா இருக்காது, உன் வேலையா ஆயிருக்கும்."

"நான் என்ன அவ்வளவு மோசமாவா பண்ணிட்டேன்?"

"மோசம்னு யாரு சொன்னா? நீ நல்லா பண்ணுவே. அதான் பிரச்சனையே."

நீ கிளம்பும் நாளில் சட்டைகளை மடித்துக் கொடுத்தேன், ஊறுகாய் பாட்டிலுக்கு டேப் சுற்றினேன், ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. தலைவலி என்றேன். தலைவலி இல்லை. லஞ்ச் பாக்ஸை நீ எடுத்துப் போகவில்லை என்பதை மாலையில்தான் பார்த்தேன்.

இப்போது கப்பல். முதலில் அனுப்ப மாட்டேன் என்றுதான் இருந்தேன். என்னை ஏமாற்றிக்கொண்டே என்னோடு கட்டிய கப்பல் எதற்கு உனக்கு, இங்கேயே கிடக்கட்டும் என்று உன் அப்பாவிடம் சொல்லவும் செய்தேன். போன சனிக்கிழமை மனம் மாறி, பழைய பெட்டி கிடைத்தால் அதிலேயே வைத்துக் கட்டலாம் என்று உன் அலமாரியில் தேடினேன். குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் பெட்டி இருந்தது. உள்ளே வரைபடத் தாள், அதன் அடியில் ஒரு ஜிப் பை. அந்தப் பையில் உடைந்த பலகைகள். வெளிர் மரம், கீழ் அடுக்குப் பலகைகள். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

நான் எடுத்துப்போட்டவை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவுக்கும் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் நீ பள்ளி இசைக்குழுவோடு மூன்று நாள் வெளியூர் போயிருந்தாய். அந்த வழியாக நடக்கும்போதெல்லாம் கப்பல் என் கண்ணை உறுத்தியது. முன்பக்கம் குறுகும் இடத்தில் பலகைகளை நுனி சீவிச் சன்னமாக்காமல் அப்படியே ஒட்டியிருந்தாய். ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் புடைத்துக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. கண்டுபிடித்த குறையை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் என்னிடம் இல்லை. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து இணைப்புகளில் வைத்தால் வெள்ளைப் பசை இளகும் என்று வீடியோவில் பார்த்தேன். வைத்தேன். பிளேடை உள்ளே விட்டு நெம்பினேன். ஆணி அடித்த இடங்களில் உன் பலகைகள் உடைந்துகொண்டு வந்தன. மிச்சமிருந்த பலகைகளைச் சீவி, வளைத்து, நானே ஒட்டினேன். தேய்த்து முடித்தபோது வழுக்கிக்கொண்டு இருந்தது. உடைந்தவற்றை வெளியே நீலக் குப்பைத் தொட்டியில் போட்டு, மேலே செய்தித்தாளை மூடினேன். கடைசிப் பலகையை ஒட்டியது நீ வரும் நாள் காலையில்தான். நீ வந்து பையை இறக்கியதும் மூக்கைச் சுளித்தாய். "என்ன ஸ்மெல்? ஹாஸ்பிடல் மாதிரி இருக்கு" என்றாய். "கிச்சன் மேடையைத் துடைச்சேன்" என்றேன். நீ மேசைக்குப் போய், கப்பலின் முன்பக்கத்தை ஒரு விரலால் தடவிவிட்டு உன் அறைக்குப் போனாய். உனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். வித்தியாசம் தெரியாமல் செய்திருக்கிறேன் என்பதில் பெருமைகூட.

நான்காம் வகுப்பில் இங்கே எல்லாப் பிள்ளைகளும் செய்வார்களே, பழைய மிஷன் தேவாலய மாடல், அதிலும் இதுதான் நடந்தது. நீ செய்த அட்டைச் சுவர் சாய்ந்து நின்றது. நீ தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு காலையில் அதைப் பிரித்து, வளைவு வைத்து, பாஸ்தாவைப் பாதியாகப் பிளந்து ஓட்டுக்கூரை போட்டேன். பள்ளியில் பார்வைக்கு வைத்தபோது அந்த ஹால் முழுக்க அப்பா அம்மாக்கள் கட்டிய தேவாலயங்கள்தான். எஞ்சினியர்கள் ஒருவர் கட்டிய வளைவை இன்னொருவர் உற்று உற்றுப் பார்த்தார்கள். கூரை எப்படிச் செய்தாய் என்று டீச்சர் உன்னைக் கேட்டார். "மை மாம் நோஸ்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பது வயதில் நீ புகார் சொல்லியிருக்கிறாய், நான் அதை நகைச்சுவை என்று நினைத்துப் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பையிலிருந்த பலகைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் பென்சிலில் எண் போட்டிருந்தாய். இடது ஒன்று, இடது இரண்டு என்று. இடது ஏழில் எண்ணுக்குப் பக்கத்தில், மேல்தளம் மூடாத கப்பலுக்குள் பென்சிலை விட்டு, ஆங்கிலத்தில் சின்னதாக எழுதியிருந்தாய்: இதைச் சரிசெய்ய வேண்டும். அது கோணல் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நீயே பிரித்து நீயே ஒட்டுவதாக இருந்திருக்கிறாய். மூன்று நாள் பொறுத்திருந்தால் போதும். அதைப் படித்துவிட்டு உன் கட்டிலில் உட்கார்ந்தவள், உன் அப்பா வந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் ஜனவரியில் நீ கேட்டது நினைவுக்கு வந்தது. வால்நட் அடுக்கை ஒட்டத் தொடங்குமுன் கப்பலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "கீழ் லேயர் நல்லா ஸ்மூத்தா இருக்குல்ல ம்மா?" என்றாய். "நீ போட்டதாச்சே" என்றேன், பளிச்சென்று. நீ என்னை ஒரு நொடி பார்த்தாய். பிறகு பசை பாட்டிலைத் திறந்தாய். உடைந்த பலகைகளைத் தொட்டியைக் கிளறி எடுத்து ஏழு வருடம் வைத்திருந்தவன், நான் சொல்கிறேனா என்று அன்றைக்குக் கேட்டுப் பார்த்திருக்கிறாய். நான் சொல்லவில்லை. நாம் இருவரும் சேர்ந்து அதன் மேல் இரண்டாவது அடுக்கை ஒட்டினோம். ஜூலையில் அந்த முடிச்சுகளுக்கு எதிரில் உட்கார்ந்து நான் உனக்கு வைத்த அதே பரீட்சையை, நீ எனக்கு ஜனவரியிலேயே வைத்துவிட்டாய். இரண்டிலும் யாரும் தேறவில்லை. நாளைக்கு உன்னோடு ஒருத்தி வாழ வருவாள். அவள் ஏதாவது மறைக்கிறாள் என்று தெரிந்தால் காத்திருக்காதே, கேட்டுவிடு. காத்திருப்பதைப் பொறுமை என்றுதான் நான் நினைத்தேன். உள்ளே பார்த்தால் அது குற்றத்துக்குச் சாட்சி சேர்ப்பதுதான்.

இதனால் கணக்கு நேராகிவிட்டது என்று எழுத வரவில்லை. நான் செய்தது தப்பு, அது உன்னைப் பதினான்கு வயதில் எவ்வளவு சுட்டிருக்கும் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அது தெரிந்த பிறகும் தோசைக் கடை வாசல் அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துக் காட்டிய லஞ்ச் பாக்ஸ் அப்படியேதான் இருக்கிறது. என் தப்பைப் பார்த்து என் கோபம் எழுந்து போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன, என்னோடு.

ஒன்றையும் மறைக்கப் போவதில்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பையைக் கண்டுபிடித்த மறுநாள், உன் பலகைகளையே மறுபடி உள்ளே வைத்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. வால்நட்டை ஓர் இடத்தில் பிரித்து, என் பலகையை எடுத்துவிட்டு, உன் இடது ஏழாம் பலகையை ஒட்டி, மேலே மூடிவிடலாம். திறந்து பார்க்கும்போது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து இடது முன்பக்கத்தில் வைத்துவிட்டேன். வைத்துவிட்டுப் பிளேடைத் தேடிப் போனவள் பாதி வழியில் நின்றேன். வீடு முழுக்க அந்த ஆஸ்பத்திரி வாசனை. நீ வெளியூரில், நான் மேசையில், கையில் பஞ்சு. திரும்பி ஓடி வந்து பஞ்சை எடுத்தேன். வார்னிஷ் வெளுத்துக் கட்டைவிரல் அகலத்தில் ஒரு தழும்பு விழுந்துவிட்டது. அதைத் தேய்த்து மெருகேற்ற எனக்குத் தெரியும். பத்து நிமிட வேலை. செய்யவில்லை. அந்தத் தழும்போடுதான் கப்பல் வருகிறது.

பாய்மரங்களைச் சுற்றிப் பஞ்சு அடைத்திருக்கிறேன். பெட்டியை நிமிர்த்தியே வைத்துத் திற. உங்கள் ஊர் வெயில் நேராகப் படும் ஜன்னலில் வைக்காதே, மரம் வெடிக்கும். ஜிப் பை அடியில் இருக்கிறது, பதினொன்றும் இருக்கின்றன, நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வால்நட்டைப் பிரித்து அவற்றை உள்ளே போடுவாயோ, கப்பலை அப்படியே வைத்துக்கொள்வாயோ, அது உன் வேலை. எந்தப் பசை, எப்படிச் சீவுவது என்று இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைக் கவனி. எழுதாமல் இருக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதையும் கவனி.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு, உன் ஊருக்குப் பக்கத்து ஆஸ்டினுக்கு உன் அப்பா இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறார். இந்த முறை போடும் முன்பு என்னிடம் சொன்னார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா வருகிறாளா என்று நீ அவரிடம் கேட்பாய். தனக்குத் தெரியாது என்று சொல்லும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். என் நம்பர் மாறவில்லை. வரச் சொல்வதென்றால் என்னைக் கூப்பிட்டுச் சொல். நான் குழாயை மூடிவிட்டு எடுப்பேன்.

அம்மா